இரைச்சல் நீக்கிய பதிப்பு

கடத்தூர் மார்க்கெட்டில் ராஜப்பன் என்று கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘ஆட்டு ராஜப்பன்’ என்று கேட்டால்தான் தக்காளி லோடு ஓட்டுகிற ராஜப்பனைக் கை காட்டுவார்கள். அவர் ஆடு வளர்த்தவரும் இல்லை, விற்றவரும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு ஆட்டைத்தான் வாங்கினார். அதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பதினொரு வருஷம் ஆகிறது. கடத்தூரிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் நாற்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிற மாதா காலனிதான் அவர் ஊர். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கோவில் திடலில் பிள்ளைகள் ஆடுவார்கள், யாராவது பாடுவார்கள். அந்த வருஷம் பாட இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பங்குச் சாமியார் ராஜப்பனின் மனைவி ரோசம்மாளைக் கூப்பிட்டு, “அரை மணி நேரம் ஓட்டணும், நீங்க ஏதாச்சும் பண்ணுங்கம்மா” என்றார். ரோசம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். முந்நூறு பிள்ளைகளைத் தினமும் உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிறவளுக்கு அரை மணி நேரம் ஒரு பொருட்டா? நோட்டுத் தாளில் ஒரு நாடகம் எழுதினாள்.

கதை பெரிய கதையெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸ் பிரியாணிக்குப் புருஷன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆடு வாங்கி வருகிறான். ஆடு கேக்கைத் தின்கிறது, புதுச் சேலையின் முந்தானையைத் தின்கிறது, இயேசு பாலன் குடிலில் பரப்பிய வைக்கோலைத் தின்கிறது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக வர வர, புருஷனும் பெண்டாட்டியும் ஒவ்வொரு பொய்யாகச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். புருஷன் ராஜப்பன், பெண்டாட்டி ரோசம்மாள், மகள் சந்தியா. ஆடு, மறுநாள் பிரியாணிக்கென்று நிஜமாகவே வாங்கி வைத்திருந்த ஆடு.

ரோசம்மாள் வசனத் தாளை யாருக்கும் தெரியாமல் குடிலுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். மறந்து போனால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று. நாடகம் ஆரம்பித்த ஏழாவது நிமிஷத்தில் ஆடு அந்தத் தாளைத் தின்றது.

அதோடு நாடகம் போயிற்று. ராஜப்பன் ஆட்டின் வாயில் கையை விட்டு இழுத்தார். ஆடு அவரையும் சேர்த்து இழுத்தது. ரோசம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, நாம பேச வேண்டியதை எல்லாம் அது தின்னுடுச்சுங்க. இனி அதையே பேசச் சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டு அவளாலேயே தாங்க முடியவில்லை.

ரோசம்மாளின் சிரிப்பு அழகான சிரிப்பு என்று சொல்ல முடியாது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு தடுமாற்றம் இருக்குமே, அப்படி மூன்று நாலு தடவை திணறும். பிறகு ஒரேயடியாகக் கிளம்பும். கிளம்பினால் அவளால் நிறுத்த முடியாது. அன்றைக்கு அது கிளம்பியதும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்த்துத் திடலில் இருந்த நானூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

கடத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் காஜா அன்றைக்கு மைக் செட்டுக்கு வந்திருந்தார். இருபத்திரண்டு நிமிஷத்தையும் அவர் போனில் பிடித்து, தன்னுடைய யூடியூப் சேனலில் போட்டார். ‘ரோசம்மா வூட்டுக் கிறிஸ்துமஸ்’ என்று பேரும் வைத்தார். அடுத்த வருஷம் ஊரே அதைத்தான் திரை கட்டிப் பார்த்தது. அதற்கடுத்த வருஷம் பாப்பாரப்பட்டியில் பார்த்தார்கள், நல்லம்பள்ளியில் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று தெரியாத சித்தேரி மலை ஜனங்கள்கூட, சந்தைக்கு இறங்கி வரும்போது காஜா கடை முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடு தாளைத் தின்னும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாவது வருஷம் ரோசம்மாள் இல்லை. மஞ்சக்காமாலை என்று கடத்தூரில் காட்டி, தர்மபுரிக்குக் கொண்டுபோய், சேலத்தில் முடிந்தது. பதினாறு நாள்.

அதற்குப் பிறகு ராஜப்பன் நாடகத்தை ஊரோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. லோடு இறக்கிவிட்டு வருகிற வழியில், பகல் வேளையில், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் பார்ப்பார். முழுசாகவும் பார்க்க மாட்டார். ஏழாவது நிமிஷத்திலிருந்து ஒன்பதாவது நிமிஷம் வரைக்கும். அப்புறம் வண்டியை எடுப்பார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் இந்த நாடகத்தைக் கழகம் பார்த்துவிட்டது.

கழகம் என்றால் வட்டார நகைச்சுவைப் பாதுகாப்பு மற்றும் வளர்ச்சிக் கழகம். தர்மபுரியில் ஒரு மாடியில் அதன் அலுவலகம். அது அரசாங்கமா, சங்கமா, சொந்தக் கம்பெனியா என்பது ராஜப்பனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வாசல் பலகையில் தூரத்திலிருந்து பார்த்தால் அரசு முத்திரைச் சிங்கம் மாதிரி மூன்று தலை தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்றும் சிரிக்கிற மனிதத் தலைகள். உள்ளே மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள். ‘பணி நேரத்தில் தன்னிச்சையாகச் சிரிப்பதைத் தவிர்க்கவும்’ என்று சுவரில் எழுதியிருந்தது.

கழகத்தின் இயக்குநர் முனைவர் தெய்வசிகாமணி நேரிலேயே மாதா காலனிக்கு வந்தார். ராஜப்பனுக்குச் சால்வை போர்த்தினார். திடலில் மைக் போட்டுப் பேசினார்.

“சிரிப்பு தானாக வரும் என்கிற மூடநம்பிக்கையை ஒழிக்கவே இக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. பொதுமக்கள் இதுநாள்வரை எந்த வழிகாட்டுதலும் இன்றிச் சிரித்து வந்துள்ளீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. இனி நாங்கள் இருக்கிறோம். இந்த நாடகத்தின் இரண்டாம் பாகத்தைக் கழகமே தயாரிக்கும்.”

இயக்குநர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ராஜப்பன் யோசித்தார். “இரண்டாம் பாகமெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. அவ இல்லாம நான் என்னத்தை நடிக்கறது?”

இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். “முதல் பாகத்தை அப்படியே விட்டால் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சேனல் நாளைக்கே போகலாம். எங்களிடம் காப்பகம் இருக்கிறது. நூறு வருஷம் அழியாது.”

நூறு வருஷம் என்ற சொல் ராஜப்பனைப் பிடித்துக்கொண்டது. அவர் போட்ட கையெழுத்து அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இரண்டாம் பாகத்தை ஏழு பேர் கொண்ட குழு எழுதியது. நிஜ ஆட்டை மேடை ஏற்றினால் ஆட்டின் சம்மதம் பற்றிக் கேள்வி வரலாம் என்பதால் திட்ட உதவி அலுவலர் ஒருவர் ஆடு வேஷம் போட்டார். குடில் வைக்கோலைத் தின்றால் யார் மனமாவது புண்படலாம் என்பதால் ஆடு குடிலைப் பார்த்து வணங்கிவிட்டு விலகிப் போயிற்று. தாளைத் தின்பது கல்விக்கு எதிரான செயல் என்று ஒரு உறுப்பினர் எழுதியதால் ஆடு தாளை எடுத்து வாசித்தது. ரோசம்மாளாகக் கழகப் பொருளாளரின் துணைவியார் நடித்தார். அந்நிய ஆண் பக்கத்தில் நிற்க அவருக்கு விருப்பமில்லை. ஆறடி தள்ளி நின்றார்.

ஒத்திகைக்கு முன்னால் ராஜப்பனை ‘இயல்பாக இருப்பது எப்படி’ என்ற ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பயிற்சியாளர், இயல்பாக நிற்கும்போது இரண்டு பாதங்களுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ராஜப்பனுக்கு அது வரவில்லை. ஐந்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பங்கேற்றார்’ என்று மட்டும் போட்டிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று இரண்டாம் பாகம் நடந்தது. ஜனம் மரியாதையாகப் பார்த்தது. நடுவில் பொருளாளரின் துணைவியார் பழக்க தோஷத்தில், “என்னங்கண்ணா, ஆடு வாங்கிட்டு வந்தீங்களா?” என்று புருஷனை அண்ணனாக்கிவிட்டார். திடல் குபீர் என்று சிரித்தது. மொத்த நாடகத்திலும் அந்த ஒரு இடத்தில்தான் சிரித்தார்கள். கழகம் அதை ஒழுங்குக் குறைபாடு என்று பதிவு செய்து, அடுத்த ஊரில் போடும்போது அந்த வரியை எடுத்துவிட்டது.

மூன்றாம் பாகத்துக்கு மாநாடே கூட்டினார்கள். ஒரு ஆட்டுக்கு இவ்வளவு சிரிப்பு என்றால் எட்டு ஆட்டுக்கு எவ்வளவு என்று ஒருவர் கட்டுரை வாசித்தார். எட்டு ஆடுகள் வந்தன. எட்டுக்கும் வசனம். ஒரு ஆடு சுகாதாரம் பற்றிப் பேசியது. ஒரு ஆடு மழைநீர் சேகரிப்பு பற்றி. ராஜப்பன் பாத்திரத்துக்குத் தேர்வு வைத்தார்கள். ராஜப்பனும் வரிசையில் நின்றார். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது: ‘ராஜப்பன் பாத்திரத்தில் ராஜப்பனிடம் நம்பகத்தன்மை போதவில்லை.’ அவரைத் திரைச்சீலை இழுக்கப் போட்டார்கள்.

திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் பாகத்தை அவர் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். வேறு யாரோ ஒரு ஆள் அவருடைய சட்டை மாதிரியே ஒரு சட்டை போட்டுக்கொண்டு, வேறு யாரோ ஒரு பெண்ணை, “ஏ ரோசு” என்று கூப்பிட்டான். அந்தப் பெயரில் அவர் மட்டும்தான் அவளைக் கூப்பிடுவார். அதை எப்போது, யாரிடம் சொன்னோம் என்று ராஜப்பன் யோசித்துப் பார்த்தார். கழகம் முதலில் நிரப்பச் சொன்ன படிவத்தில், ‘செல்லப் பெயர்’ என்ற கட்டத்தில் அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

அவ்வளவு பெரிய திடலில் அன்றைக்குச் சிரித்தது மூன்று பேர். மூன்று பேரும் கழகம் கூட்டி வந்தவர்கள். மற்றவர்கள் பாதியில் எழுந்து காஜா கடைப் பக்கம் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த முதல் பாகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு ரோட்டைத் தாண்டித் திடலுக்குக் கேட்டது. இயக்குநர் அதைத் தன் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். ‘தொடர் பாகங்கள் வரவேற்புப் பெறாமைக்கான காரணம்’ என்பது தலைப்பு. ராஜப்பனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நீள மேஜை, பதினொரு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில்.

இயக்குநர் முதலில் பேசினார். “மூன்றாம் பாகத்தை நான் ஏழு முறை பார்த்தேன். ஒரு முறைகூட என் கவனம் சிதறிச் சிரித்துவிடவில்லை. அத்தனை நேர்த்தி. முதல் பாகத்தை எடுத்துக்கொண்டால், நடிகர்கள் வசனம் மறக்கிறார்கள். விலங்கு கட்டுப்பாட்டில் இல்லை. கதாநாயகி இரண்டு நிமிடம் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்கிறார். இத்தனை பிழை மலிந்த ஒரு படைப்பை மக்கள் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்? மூலப் படைப்பாளர் விளக்க வேண்டும்.”

ராஜப்பன் எழுந்து நின்றார். லோடு இறக்கிய கையோடு வந்திருந்தார். சட்டையில் தக்காளிக் கறை.

“சார், நாங்க யாரையும் சிரிக்க வைக்கப் பாக்கலீங்க. ஆட்டைப் புடிக்கப் பாத்தோம்.”

“விரிவாகச் சொல்லுங்கள்.”

“அவ்வளவுதானுங்க. அன்னைக்கு எங்களுக்கு எதுக்கால ஜனம் இருக்குதுங்கறதே மறந்து போச்சு. நம்ம வூட்ல ஒண்ணு கையை மீறிப் போனா எப்புடி இருப்பமோ அப்புடி இருந்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு அவளைப் பாத்துச் சிரிப்பு வந்துடுச்சு. பாக்கறவங்களுக்கும் வந்துடுச்சு. ஜனம் இப்பவும் அதைப் பாக்கறது நாடகத்துக்காக இல்லீங்க. அவங்கவங்க வூட்லயும் அப்புடி ஒரு நாள் இருந்திருக்கும். அது இவங்களுக்கு ஞாபகம் வருது போல.”

எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ராஜப்பனுக்கு, இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று ஒரு எண்ணம் வந்தது. மேஜையின் கடைசியில் இருந்தவர் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார்: “சாட்சி, ஆடு பிடித்தல் தொடர்பான தமது அனுபவத்தைப் பகிர்ந்தார். பரிந்துரை: கலைஞர்களுக்கு ஆடு பிடிக்கும் பயிற்சி.” எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. தொண்ணூறு பக்கம். தொடர் பாகங்கள் தோற்றதற்குக் காரணம் முதல் பாகம்தான் என்று அதில் கண்டுபிடித்திருந்தார்கள். முதல் பாகம் இருப்பதால் மக்கள் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிடுவதால் பிடிக்காமல் போகிறது. அடுத்து, முதல் பாகத்தில் அப்படி என்ன அதிகப்படியாக இருக்கிறது என்று கருவி வைத்து அளந்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இரைச்சல் இருந்தது. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் இரைச்சல் அறவே இல்லை. எனவே முதல் பாகத்தை மற்ற பாகங்களின் தரத்துக்கு உயர்த்த வேண்டும்.

காஜா கடைக்குக் கடிதம் வந்தது. சேனலில் இருந்ததை யூடியூப்காரர்களுக்குப் புகார் அனுப்பி எடுக்க வைத்தார்கள். மூலப் பதிவைக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். ராஜப்பன் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். காஜா மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, நேராக ராஜப்பன் வீட்டுக்கு வந்தார்.

“ண்ணா, என்கிட்ட வேற காப்பி இல்லீங்கண்ணா. கம்ப்யூட்டர்ல இருந்தது போன வருஷமே ஹார்ட் டிஸ்க் போனப்ப போயிடுச்சு. சேனல்ல இருக்குதேன்னு அசட்டையா இருந்துட்டேன்.”

“நூறு வருஷத்துக்கு வெச்சிருப்பாங்களாம் பாய். பத்திரமாத்தான் இருக்கும்” என்றார் ராஜப்பன். சொல்லிவிட்டு, ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த சந்தியாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவளிடமும் இல்லை. லிங்க்தான் இருந்தது. ஊரில் எல்லாரிடமும் லிங்க்தான் இருந்தது. ஒருத்தர் போனில் மட்டும் அரை நிமிஷத் துண்டு கிடைத்தது. அதிலும் ஆட்டின் மேல் யாரோ சினிமாப் பாட்டு ஏற்றியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ‘இரைச்சல் நீக்கிய பதிப்பு’ வெளியானது. ராஜப்பனுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஏழாவது நிமிஷத்துக்குத் தள்ளினார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ரோசம்மாளின் நெற்றியில் இருந்த அம்மைத் தழும்புகூடத் தெரிந்தது. “இனி அதையே பேசச் சொல்லுங்க” என்றாள், பக்கத்தில் நின்று சொல்வது போல. பிறகு வாயைத் திறந்தாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. திடல் சத்தமும் இல்லை, ஆட்டுச் சத்தமும் இல்லை. இரண்டு நிமிஷம் அவள் வாயைப் பொத்துவதும் வயிற்றைப் பிடிப்பதுமாக இருந்தாள்.

போன் ரிப்பேர் என்று நினைத்து ராஜப்பன் சவுண்டைக் கூட்டினார். போனைத் தட்டினார். காதில் வைத்துக்கொண்டார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தர்மபுரி போனார்.

இயக்குநர் அன்பாகவே பேசினார். “வசனம் எதுவும் போகவில்லையே. ஒரு சொல்கூட விடுபடவில்லை. சொல்லாக இல்லாதவற்றை மட்டும்தான் நீக்கியிருக்கிறோம்.”

“அவ சிரிப்புங்க சார்.”

“கருவிக்கு அது சொல்லாகத் தெரியவில்லை.”

“அதை எங்க போட்டீங்க?”

“எதையும் நாங்கள் எறிவதில்லை. இரைச்சல் தனிக் கோப்பாகப் பாதுகாக்கப்படுகிறது. நேரடி வாரிசு என்றால் அங்கேயே ஒரு முறை கேட்கலாம். மூன்று நிமிடம்.”

மறுநாள் வாரிசுச் சான்றிதழோடு ராஜப்பன் மறுபடியும் போனார். இரைச்சல் பிரிவு கடைசி அறை. ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த மெஹ்ஜபீன் என்ற பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். சந்தியா வயசுதான் இருக்கும். வாரிசுச் சான்றிதழைப் பார்த்து நோட்டில் பதிந்துகொண்டு, ஹெட்போனை எடுத்து ராஜப்பன் தலையில் மாட்டிவிட்டாள்.

“மூணு நிமிஷம்தான் ரூலுங்க அங்கிள். ரெடியா?”

முதலில் மைக் கீச்சென்றது. ஒரு கைக்குழந்தை அழுதது. ஆடு கத்தியது. வீல், வீல் என்று ஒரு பெண் பிள்ளை கத்தினாள். அது ஒன்பதாம் வகுப்புச் சந்தியா. பின்னாலேயே திடல் சிரித்தது. ராஜப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது அந்தோணி உபதேசியாருங்க” என்றார், மெஹ்ஜபீனுக்கும் அது கேட்கும் என்று நினைத்துக்கொண்டு. “இருமி இருமிச் சிரிப்பாரு. கொரோனாவுல போயிட்டாரு. இது பெரியம்மாள். இதோ, இது எங்கண்ணன். அவனும் இல்லை.”

பிறகு அது வந்தது. ஒரு திணறல். இன்னொன்று. மூன்றாவது. கிளம்பியது. நானூறு பேர் சிரிப்புக்குள் அது மட்டும் தனியாக, தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற மாதிரி, மேலே மேலே போயிற்று. ராஜப்பனின் வாயும் திறந்துகொண்டது. அவர் சிரிக்கிறாரா என்ன செய்கிறார் என்று மெஹ்ஜபீனுக்குத் தெரியவில்லை. மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. அவள் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கவும் மெதுவாக ஹெட்போனை எடுத்தாள்.

“எனக்கு காப்பி எடுக்க முடியாதுங்க அங்கிள். எல்லாம் பாஸ்வேர்ட் போட்டு வெச்சிருக்காங்க. ஃபாரம் இருக்குது, எழுதிக் குடுங்க.”

‘இரைச்சல் உரிமை கோரும் விண்ணப்பம்’ நாலு பக்கம். கோரப்படும் சிரிப்பின் அடையாளங்கள் இரண்டு எழுத வேண்டும். சிரித்தவரின் ஒப்புதல் கடிதம் வைக்க வேண்டும். சிரித்தவர் இறந்திருந்தால், சிரித்தபோது உயிரோடு இருந்ததற்கான சான்று. கடைசிக் கட்டத்தில், நிகழ்வின்போது நேரில் இருந்தும் சிரிக்காத இருவரின் சாட்சிக் கையெழுத்து. சிரித்தவர்கள் சம்பந்தப்பட்டவர்கள் ஆகிவிடுவதால் அவர்கள் சாட்சி செல்லாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

ராஜப்பன் ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார். சிரிக்காத ஆள் யாரும் அகப்படவில்லை. வயிறு எரியப் பேசுகிற ஆட்கள்கூட, “அன்னைக்கு நானும் சிரிச்சுட்டனே ராஜப்பா” என்று கையை விரித்தார்கள். விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தாவிடம் போய் அதைச் சொன்னார்.

“ஒருத்தர்கூடவா இல்லை?” என்றார் குமாஸ்தா.

“ஆடு ஒண்ணுதானுங்க சிரிக்கல. அதை அடுத்த நாளே பிரியாணி போட்டுட்டோம்.”

குமாஸ்தா அந்தக் கட்டத்தில் ‘சாட்சி உயிருடன் இல்லை’ என்று எழுதி, பரிசீலனைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. திடலில் கழகமே பெரிய திரை கட்டியது. சந்தியா ஓசூரிலிருந்து மகள் ஜெனிஷாவோடு வந்திருந்தாள். ஜெனிஷாவுக்கு நாலு வயசு. ஆயாவைப் படத்தில் காட்டுவார்கள் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ராஜப்பன் வரவில்லை என்றுதான் சொன்னார். பிள்ளை கையைப் பிடித்து இழுத்ததால் வந்தார். பல வருஷத்துக்குப் பிறகு ஊரோடு சேர்ந்து உட்கார்ந்தார். காஜா பின்னால் நின்றார். உள்ளே வந்து உட்கார மனசு வரவில்லை அவருக்கு.

இருட்டுகிற நேரத்தில் படம் ஓட ஆரம்பித்தது. ஜனம் பழைய நினைப்பில் ஆறாவது நிமிஷத்திலேயே சிரிக்கத் தயாரானது. ஆடு தாளைத் தின்றது. முன்வரிசையில் யாரோ ஹ என்று ஆரம்பித்தார்கள். கூடச் சேர்ந்துகொள்ளத் திரையில் யாரும் இல்லாததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ரோசம்மாள் பேசினாள். பிறகு அவள் வாய் திறந்தது. தோள் குலுங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பது வீட்டு ஜனமும் சத்தமில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் அங்கங்கே கேட்டது. சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் நாற்காலியில் இருந்த இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “பார்த்தீர்களா, எவ்வளவு கட்டுப்பாடு. பார்வையாளர்கள் முதிர்ச்சி அடைந்துவிட்டார்கள்.”

ஜெனிஷா தாத்தாவின் மடியில் எழுந்து நின்றாள். அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“தாத்தா, ஆயா ஏன் அழுவுது?”

“அழுவல கண்ணு. சிரிக்குது.”

“சத்தமே வல்ல?”

“சத்தம் தர்மபுரியில ஆபீஸ்ல இருக்குது.”

பிள்ளை மறுபடியும் திரையைப் பார்த்தாள். ஆயா இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

“எப்பத் தருவாங்க?”

ராஜப்பன் அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

“எழுதிக் குடுத்திருக்கறேன் சாமி” என்றார்.